கடல் தண்ணீரில் நிற்பதால் கருக்குழாயில் நீர் கோர்க்குமா?

கேள்வி: எனக்கு வயது 29, பாம்பன் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி நான்கு வருடமாகியும் குழந்தை இல்லை. ஸ்கேன் எடுத்ததில் வலது கருக்குழாயில் நீர் கோர்த்திருக்கிறது, 'ஹைட்ரோசால்பிங்ஸ்' என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் அம்மாவோடு கடல்பாசி எடுக்கப் போகிறவள். மணிக்கணக்கில் தண்ணீரில் கிடப்பதால்தான் நீர் ஏறிவிட்டது என்கிறார் மாமியார். வலி இல்லை. மாதவிடாய் சரியாக வருகிறது, ஆனால் முன்பைவிடக் குறைவாகப் படுகிறது. பள்ளியில் படிக்கும்போது கழுத்தில் நெறி கட்டி ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன், வேறு நோய் எதுவும் வந்ததில்லை. குழாயை எடுத்துவிட வேண்டுமா, டாக்டர்?

பதில்: முதலில் மாமியார் விஷயம். கடல் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தாராளமாகப் பாசி எடுக்கப் போங்கள். அந்த நீர் வெளியிலிருந்து ஏறியது இல்லை, குழாயின் உள்சுவரே சுரப்பது. சினைப்பையை ஒட்டியிருக்கும் அதன் முனை ஒட்டி மூடிக்கொண்டால் சுரக்கிற நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கி, குழாய் வீங்கிவிடும்.

முனை ஏன் மூடிக்கொள்கிறது? பெரும்பாலும் பழைய தொற்றுதான். உடலுறவு வழியாகத் தொற்றும் கிளமிடியா போன்ற கிருமிகள் வலி, காய்ச்சல் எதுவும் காட்டாமல் வந்து தழும்பை மட்டும் விட்டுவிட்டுப் போவதுண்டு (எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் வீட்டில் விசாரணைக் கமிஷன் வேண்டாம்). குடல்வால் வெடித்தது, அடிவயிற்று ஆபரேஷன், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த நெறிக்கட்டு வரியில்தான் என் கண் நின்றது. ஆறு மாத மாத்திரை என்றால் அது டி.பி.க்காகக் கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். டி.பி. கிருமி ரத்தம் வழியாகக் கருக்குழாய்க்கும் போய்ச் சேரும், நம் நாட்டில் குழாய் அடைப்புக்கு அது முக்கியமான காரணம். மாதவிடாய் குறைந்திருப்பதும் அதோடு ஒத்துப்போகிறது. உறுதியாகச் சொல்லவில்லை, சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறேன்.

பழைய மருந்துச் சீட்டு இருந்தால் தேடி எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மகப்பேறு பிரிவுக்குப் போங்கள். மாதவிடாய் முடிந்ததும் பிறப்புறுப்பு வழியாக ஸ்கேனைத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள், கூச்சப்படாமல் ஒத்துக்கொள்ளுங்கள், வயிற்றுக்கு மேலே வைத்துப் பார்ப்பதைவிட இதில் தெளிவாகத் தெரியும். சினைப்பை நீர்க்கட்டியைக் குழாய் வீக்கம் என்று எழுதிவிடுவதும் உண்டு. டி.பி.க்கு, மாதவிடாய் வருவதற்குச் சில நாள் முன்பு கருப்பையின் உள்சவ்வில் துளி எடுத்து சி.பி.நாட் (டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை), கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) இரண்டுக்கும் அனுப்புவார்கள். கல்ச்சர் முடிவு வர ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம். கையில் ஊசி போட்டுத் தடிப்பு பார்க்கும் சோதனை உங்களுக்குப் பெரிதாக உதவாது, முன்பே டி.பி. வந்தவர்களுக்கு அது பாசிட்டிவாகவே காட்டக்கூடும். கிருமி இருந்தால் மருந்து இலவசம்.

இடது குழாய் எப்படி இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் ஹெச்.எஸ்.ஜி. அதற்குத்தான், ஆனால் தொற்று இருக்கும்போது செய்யக் கூடாது. சந்தேகம் தீரவில்லை என்றால் லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமரா வழியாகப் பார்ப்பது. கூடவே உங்கள் கணவரின் விந்துப் பரிசோதனையும். அதைச் செய்யாமல் உங்களை மட்டும் டேபிளில் ஏற்றுவது அநியாயம்.

குழாயை எடுப்பதா? இப்போது வேண்டாம். சோதனைக்குழாய் குழந்தை சிகிச்சைக்குப் போகிறீர்கள் என்றால் பேச்சே வேறு. தேங்கிய நீர் கருப்பைக்குள் கசிந்து கரு ஒட்டுவதைக் கெடுக்கும் என்பதால், அதற்கு முன் அந்தக் குழாயை எடுக்கவோ கருப்பைப் பக்கம் அடைக்கவோ சொல்வார்கள். காரணம் தெரியாமல் கத்தியை எடுக்க யாராவது அவசரப்பட்டால் இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள்.

காய்ச்சலோடு அடிவயிறு வலித்தால் காத்திருக்காதீர்கள், நீர் சீழாக மாறியிருக்கலாம். நாள் தள்ளிப்போய் ஒரு பக்கமாக வலித்தாலும், தலைசுற்றல் வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இப்படிப்பட்ட குழாய் உள்ளவர்களுக்குக் கரு குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்து அதிகம்.