லைபேஸ் இயல்பாக இருந்தால் அது கணைய வலி இல்லை என்று பொருளா?

உங்கள் கணவருக்குச் சில ஆண்டுகளாக நாள்பட்ட கணைய அழற்சி இருக்கிறது. இம்முறை வலி வழக்கத்தைவிடக் கடுமையாக வந்தது. ஆனால் கொழுப்பைச் செரிக்கக் கணையம் சுரக்கும் நொதியான லைபேஸ் இரத்தத்தில் இயல்பான அளவில் இருந்ததால், இது கணையத்தால் வந்த வலியாக இருக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய இயலாது என்பதே என் பதில். நான் மருத்துவன் அல்லன். இதே நோயுள்ள என் அண்ணனுக்குத் துணையாகப் பல ஆண்டுகளாக மருத்துவமனைக்குச் சென்று வருபவன்.

திடீர்க் கணைய அழற்சியை உறுதிசெய்ய மூன்று அடையாளங்களில் இரண்டு இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விதி: மேல்வயிற்றில் தோன்றும் அதற்கே உரிய வலி, இயல்பின் உச்ச வரம்பைப் போல மூன்று மடங்குக்குக் குறையாத லைபேஸ் அல்லது அமைலேஸ் (கணையம் சுரக்கும் இன்னொரு நொதி), ஸ்கேனில் தெரியும் மாற்றங்கள். விதியின்படியே, லைபேஸ் உயராவிட்டாலும் மற்ற இரண்டும் இருந்தால் போதும். நாள்பட்ட நோயில் இது இன்னும் முக்கியமாகிறது. ஏனென்றால், நொதிகளைச் சுரக்கும் செல்கள் ஆண்டுக்கணக்கில் அழிந்து, அவற்றின் இடத்தில் வடுத்திசுவும் சுண்ணாம்புக் கற்களும் படிந்துவிடுகின்றன. கசிவதற்குச் செல்களே பெரிதாக மிச்சமில்லாத நிலையில், எவ்வளவு வீங்கினாலும் இரத்தத்தில் நொதி ஏறாமல் போகலாம். நோயின் தொடக்க ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் ஏறிய அதே மனிதருக்குப் பிற்காலத்தில் ஏறாமலிருப்பது வியப்புக்குரியதன்று. அதேபோல, எண் எவ்வளவு உயர்ந்தது என்பது தாக்குதலின் கடுமையைக் காட்டும் அளவுகோலும் அன்று.

ஆகவே, ஒப்பிட வேண்டியது அவருடைய சொந்த வழக்கத்தோடுதான். என் அண்ணனுக்கு விலாவுக்குக் கீழே மந்தமான ஒரு வலி எப்போதும் உண்டு. அதோடு அவர் வேலைக்குப் போவார், பேசுவார், சிரிப்பார். தாக்குதல் வந்தால் மல்லாந்து படுக்க முடியாது. கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, தலையணையை வயிற்றோடு அணைத்து, முன்னால் குனிந்துகொள்வார். வலி முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகும், சற்று நேரத்தில் வாந்தி தொடங்கும். அவர் வாய்திறப்பதற்கு முன்பே அந்த இருப்பைப் பார்த்து எங்களுக்குத் தெரிந்துவிடும். இந்த வேறுபாட்டை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்வது, பலவேளைகளில் ஆய்வக அறிக்கையைவிட உதவியாக இருக்கிறது. சி.டி. ஸ்கேனிலும் பழைய கற்கள் எப்போதும் தெரியும் என்பதால், புதிதாக வீக்கமோ கணையத்தைச் சுற்றி நீரோ இருக்கிறதா என்று அறிய முந்தைய படங்கள் தேவைப்படும். அறிக்கைத் தாளோடு படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

எதனால் தூண்டப்படுகிறது என்ற கேள்விக்கு மதுவும் புகையிலையும் முதலில் வரும். மதுவே தொடாதவருக்கும் புகைபிடித்தல் தனியாகவே கேடு செய்கிறது. கணைய நாளத்தில் (கணையநீர் குடலுக்குச் செல்லும் குழாயில்) கல் அடைத்துக்கொள்வது, நாளம் சுருங்குவது, பித்தப்பைக் கல், டெசிலிட்டருக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகும் டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு, இரத்தத்தில் கால்சியம் கூடுவது, சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். எதுவுமே அகப்படாத தாக்குதல்களும் உண்டு. ஆனால் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் “என்ன சாப்பிட்டாய்?” என்பதாகவே இருக்கும். கொழுப்பு மிகுந்த கனமான உணவு வலியைக் கூட்டலாம் என்பது உண்மைதான். ஆயினும் ஒவ்வொரு தாக்குதலையும் அவர் தட்டின் மேல் சுமத்தினால், அவர் பயந்து சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போவார், எடை இறங்கும். பெரும்பாலானோருக்குத் தேவைப்படுவது கொழுப்பை அடியோடு விலக்குவதன்று, கணைய நொதி மாத்திரைகளைச் சரியாக எடுப்பது: முழு உணவு ஒன்றுக்கு 40,000 முதல் 50,000 அலகு லைபேஸ் என்பது வழக்கமான தொடக்க அளவு, அதையும் சாப்பிட்டு முடித்த பின்பு அல்லாமல் உணவின் ஊடே விழுங்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. வலி கூடிய ஒவ்வொரு முறையும் அது புதிய அழற்சியாகவே இருக்க வேண்டியதில்லை. நீர்க்கட்டி, பித்தநாளமோ சிறுகுடலின் தொடக்கமோ நெருக்கப்படுவது, வயிற்றுப் புண், மண்ணீரல் சிரையில் இரத்தக்கட்டு என்று பலவும் இதே இடத்தில் வலிக்கும். நாள்பட்ட நோயில் புற்றுநோய்க்கான வாய்ப்பும் கூடுவதால், வலியின் குணம் மாறி எடையும் குறைந்தால் அதைத் தேடிப் பார்ப்பது நியாயம். இவை எதுவும் இல்லாமல், நீண்ட காலத் தூண்டுதலால் நரம்புகளே மிகையுணர்ச்சி கொண்டுவிடுவதும் நடக்கிறது; அப்போது அழற்சி இருக்காது, வலி முழுக்க முழுக்க உண்மையாக இருக்கும். “அழற்சி இல்லை” என்று மருத்துவர் சொன்னால் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு “வலி இல்லை” என்பது பொருளன்று, அதற்கான சிகிச்சை வேறு என்பதே பொருள்.

வீட்டு வலிநிவாரணிக்கு அடங்காத வலி, நிற்காத வாந்தி, காய்ச்சல், மஞ்சள் காமாலை, கருப்பு மலம் அல்லது இரத்த வாந்தி, மூச்சுத்திணறல், சிறுநீர் குறைதல், மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. மருத்துவமனையில் செய்யப்படுவது பெரும்பாலும் அளவோடு நரம்புவழித் திரவம், போதிய வலிநிவாரணம், வாந்தி அடங்கியதும் உணவு. நாள்கணக்கில் பட்டினி போடும் பழைய முறை இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. தொற்று இல்லாதபோது ஆன்டிபயாடிக்கும் தேவையில்லை. அவருக்கு நீரிழிவும் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கணைய நோயால் வந்த நீரிழிவில் இன்சுலினோடு, சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககானும் குறைந்திருப்பதால், சாப்பிடாத நாளில் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம்; இன்சுலினை நிறுத்துவதா குறைப்பதா என்பதை நாமாக முடிவு செய்யக் கூடாது.

தாக்குதல்கள் மீண்டும் மீண்டும் வருமானால், நாளத்தில் அடைப்பு இருக்கிறதா என்று எம்.ஆர்.சி.பி. (கணைய, பித்த நாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கற்களை அதிர்வலையால் உடைப்பதும் எண்டோஸ்கோப்பி வழியாக எடுப்பதும் ஒரு வழி. நாளம் விரிந்திருந்து, வலிமையான வலிநிவாரணிகளைத் தொடங்கிச் சில மாதங்களே ஆனவர்களில், எண்டோஸ்கோப்பியில் தொடங்குவதைவிட முன்கூட்டியே அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு வலி குறைவாக இருந்ததை 2020-இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வு காட்டியது. அதில் பங்கேற்றவர்கள் 88 பேர்தான் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். உங்கள் கணவருக்கு இது பொருந்துமா என்பது பெரிதும் அவர் கணைய நாளத்தின் விட்டத்தைப் பொறுத்தது. ஆகவே அடுத்த சந்திப்பில் அந்த விட்டம் எவ்வளவு என்றும், இம்முறை எடுத்த ஸ்கேனைப் பழையதோடு ஒப்பிட்டார்களா என்றும் கேளுங்கள்.