மேசையில் படியாத உள்ளங்கை

கை அறுவைச் சிகிச்சைப் பிரிவில் பிசியோதெரபி பார்க்கிறேன். விரல் மடங்கிப்போவது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.

கேள்வி: மேடம், அப்பாவுக்கு 62 வயது. மோதிர விரலுக்கு நேர் கீழே உள்ளங்கையில் ஒரு முடிச்சு. அதிலிருந்து கயிறு மாதிரி விரல் வரை ஓடுகிறது. வலி இல்லை. நரம்பு இழுத்துக்கொண்டது என்கிறார்கள்.

பதில்: நரம்பும் இல்லை, தசைநாணும் இல்லை. நீங்கள் சொல்வது டுபுய்ட்ரன் சுருக்கம் போலத் தெரிகிறது. தோலுக்கு அடியில் இருக்கும் சவ்வு தடித்து, சுருங்கி, விரலை இழுக்கும். 1831-ல் பாரிஸில் இதற்கு அறுவை செய்த மருத்துவரின் பெயர் அது. லண்டனில் ஹென்றி கிளைன் 1777-லேயே சவ்வுதான் காரணம் என்று கண்டிருந்தார். பெயர் என்னவோ பிரெஞ்சுக்காரருக்குப் போய்விட்டது. எதற்கும் டாக்டர் ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும்.

கேள்வி: எனக்குக் காலையில் விரல் மடங்கி மாட்டிக்கொள்கிறது. இழுத்தால் டக்கென்று நிமிர்கிறது.

பதில்: அது ட்ரிக்கர் ஃபிங்கர், வேறு சங்கதி. டுபுய்ட்ரனில் மடங்கிய விரல் மற்ற கையால் இழுத்தாலும் முழுதாக நிமிராது.

கேள்வி: அக்கா, நல்லெண்ணெய் போட்டு நீவி, ராத்திரி சிம்பு வைத்துக் கட்டினால் நேராகுமா?

பதில்: ஆகாது. இதைச் சொன்னால் எங்கள் வீட்டிலேயே கோபப்படுவார்கள். எண்ணெய் தோலுக்கு இதம், அவ்வளவுதான்; சிம்பு சுருக்கத்தை நிறுத்தும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. பலம்கொண்டு இழுக்கவே வேண்டாம். வீட்டில் செய்ய வேண்டியது கண்காணிப்பு. மாதம் ஒருமுறை உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். தட்டையாகப் படிகிறதா? பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். படியவில்லை என்றால் கை அறுவை நிபுணரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. முகம் கழுவும்போது விரல் கண்ணில் குத்துவது, பாக்கெட்டில் கை நுழையாதது, இதெல்லாம் அதற்கும் பிந்தைய கட்டம். கரண்டிப் பிடி உறுத்தினால் துணி சுற்றித் தடிமனாக்கிக்கொள்ளுங்கள். மடிந்த இடுக்கில் ஈரம் தங்கவிடாதீர்கள்.

கேள்வி: சர்க்கரை இருக்கிறது. அதனாலா?

பதில்: சர்க்கரை உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும், பரம்பரை, புகைப்பழக்கம், குடிப்பழக்கம் இவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் இரண்டு கையிலும் எல்லா விரலும் விறைத்து, கும்பிடும்போது உள்ளங்கைகள் ஒட்டாமல் இருந்தால், அது சர்க்கரையால் வரும் மூட்டு இறுக்கமாக இருக்கலாம்.

கேள்வி: ஆபரேஷன் எப்போது?

பதில்: விரலின் அடிமூட்டு ஏறக்குறைய 30 டிகிரி மடங்கினால் யோசிப்பார்கள். நடு மூட்டு மடங்க ஆரம்பித்தால் அதுவரைகூடக் காத்திருக்காதீர்கள். அது இறுகிவிட்டால் அறுவைக்குப் பின்னும் முழுதாக நிமிர்வது கடினம். சிலருக்கு ஊசியாலேயே அந்தக் கயிற்றை அறுத்துவிடலாம். காயம் சீக்கிரம் ஆறும், ஆனால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். திறந்து செய்தாலும் சிலருக்குத் திரும்பும். அப்புறம் எங்களிடம் பயிற்சிக்கு வரவேண்டும். தையல் பிரித்ததும் காணாமல் போகிறவர்கள்தான் அதிகம்.