நியூயார்க்கில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் எல்லாருமே மெக்சிகோக்காரர்களா?

நானும் இதே நினைப்போடுதான் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் உள்ள ஜாக்சன் ஹைட்ஸில் வந்து இறங்கினேன். முதல் வாரமே முக்குக் கடையில் (இங்கே அதற்கு 'பொதேகா' என்று பெயர்) "மெக்சிகோவில் எந்த ஊர்?" என்று கேட்டுவைத்தேன். கடைக்காரர் கல்லில் முட்டையைப் புரட்டிக்கொண்டே, தலைகூட நிமிராமல் "தொமினிக்கானோ" என்றார், அதாவது டொமினிக்கன் குடியரசுக்காரர். அன்றைய சாண்ட்விச்சில் சீஸ் இல்லை. மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று இன்றுவரை தெரியாது.

இந்த நகரத்துக்குப் பெருங்கூட்டமாக முதலில் வந்தவர்கள் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள். அவர்களைக் குடியேறிகள் என்பதே தப்பு. 1898-இல் அந்தத் தீவை ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா பிடுங்கிக்கொண்டது; 1917-இல் குடியுரிமையும் கொடுத்தது. விசா வேண்டாம், டிக்கெட் இருந்தால் போதும். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் தீவில் கரும்புத் தோட்ட வேலை தேய்ந்தது, இங்கே தையல் ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. லட்சக்கணக்கில் விமானம் ஏறிவிட்டார்கள். இத்தாலியர்கள் இருந்த கிழக்கு ஹார்லெம் 'எல் பாரியோ' ஆனது. வேறொன்றுமில்லை, நம்மூர்ப் 'பேட்டை'தான்.

டொமினிக்கன் குடியரசின் கதை வேறு. 1930 முதல் ட்ருஹியோவின் சர்வாதிகாரம். பாஸ்போர்ட் எடுப்பதே குதிரைக்கொம்பு. 1961-இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1965-இல் உள்நாட்டுப் போர், கூடவே அமெரிக்கப் படை. அதன்பிறகு வந்தவர்களால் மன்ஹாட்டனின் வடக்கே உள்ள வாஷிங்டன் ஹைட்ஸ் நிரம்பியது. இன்று போர்ட்டோ ரிக்கோக்காரர்களையே எண்ணிக்கையில் தாண்டிவிட்டார்கள். சொல்லப்போனால் 1613-லேயே அந்நாட்டின் இன்றைய தலைநகரான சாண்டோ டொமிங்கோவிலிருந்து ஹுவான் ரொட்ரிகெஸ் என்பவர் டச்சுக் கப்பலில் வந்து மன்ஹாட்டனில் தங்கிவிட்டார். வாஷிங்டன் ஹைட்ஸ் வழியாகப் போகும் பிராட்வே சாலைக்கு இப்போது அவர் பெயரும் உண்டு.

நீங்கள் கேட்ட மெக்சிகோக்காரர்கள் இங்கே பிந்தி வந்தவர்கள். 1980-களுக்குப் பிறகுதான் கூட்டம் கூடியது, அதிலும் பாதிக்குமேல் புவெப்லா மாநிலம் என்பார்கள். 'புவெப்லா யார்க்' என்று கிண்டலே இருக்கிறது. ஈக்வடாரில் 1999-இல் வங்கிகள் திவாலாகிச் சேமிப்பு முடங்கியதும் அங்கிருந்தும் நிறையப் பேர் குயின்ஸ் வந்தார்கள்.

ரூஸ்வெல்ட் அவென்யூவில், தலைக்கு மேல் 7-ஆம் எண் ரயில் தடதடக்க, காலையில் ஒரு அம்மா தள்ளுவண்டியில் தமாலே விற்பார். மக்காச்சோள மாவை மடலில் சுற்றி அவித்தது. நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. அவரிடம் "புவெப்லாவா?" என்று தைரியமாகக் கேட்கலாம். பக்கத்தில் அரேப்பா (மக்காச்சோள மாவு ரொட்டி) சுடுகிறவரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள், அவர் கொலம்பியா.