ஊர் நூலகக் கட்டடம்: வெளிச்சம் வரணும், வெயில் வரக்கூடாது (கேள்வி பதில்)

பேரையூர் வாசகர்: ஊராட்சியில் 40க்கு 60 அடி மனை கிடைத்திருக்கு மேடம், கிழக்குப் பார்த்தது. பகலில் லைட் போடாமல் படிக்கணும். ஜன்னல் எந்தப் பக்கம்?

கட்டடத்தைக் கிழக்கு மேற்காக நீட்டுங்கள். ஜன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும். மேற்குச் சுவரில் கழிப்பறை, ஸ்டோர் ரூம் வரட்டும். பிற்பகல் வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். வாசல் பக்கம் ஊரார் கூடிப் பேச ஒரு திண்ணையும் இருக்கட்டும். ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ அதைப்போல் 2 முதல் 2.5 மடங்கு தூரம்தான் உள்ளே படிக்கிற அளவு வெளிச்சம் போகும். லிண்டல் (ஜன்னலுக்கு மேல் வரும் உத்தரம்) 7 அடி உயரத்தில் என்றால் 14 முதல் 17 அடி. இரண்டு பக்கமும் ஜன்னல் இருந்தால் 28 அடி அகல ஹாலின் நடுவிலும் இருட்டாது. அதனால் ஜன்னலை அகலமாக்குவதைவிட உயர்த்துவதுதான் பலன் தரும்.

'வடக்கில் வெயிலே வராது' என்று மேஸ்திரி சொன்னால் ஏற்காதீர்கள். மதுரைப் பக்கம் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். காலையிலும் மாலையிலும் வெயில் வடக்குச் சுவரை உரசிக்கொண்டு வரும். 4 அடி உயர ஜன்னலுக்கு 1.5 அடி சன்ஷேட் போட்டு, 1 அடி ஆழத்தில் செங்குத்துத் தடுப்புகளை 2 அடிக்கு ஒன்றாக வையுங்கள். தெற்கே கணக்கு வேறு. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து 33 டிகிரி தெற்கே இருக்கும். அதே 4 அடி ஜன்னலுக்கு 2 அடி 8 அங்குலம் வேண்டும். வழக்கமான 2 அடி சன்ஷேட் போட்டால் ஜன்னலின் கீழ் ஒரு அடி வழியாக வெயில் நேராக மேசைக்கு வரும். வெள்ளைத் தாளில் வெயில் பட்டால் யாரும் படிக்க முடியாது, திரையை இழுத்துவிட்டு லைட் போடுவார்கள். செலவழித்த ஜன்னல் அன்றோடு வீண்.

மேசையில் 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தால் போதும். செயலி வைத்து போனிலேயே உத்தேசமாகப் பார்க்கலாம்; காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் பாருங்கள். மேசைக்குப் பளபளப்பான மைக்கா ஒட்டாதீர்கள், கண் கூசும்.

கட்டடக்கலை மாணவி, திருச்சி: பின்லாந்துக் கட்டடக்கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோவின் வீபுரி நூலகத்தில் கூரை முழுக்க வட்டத் திறப்புகள் இருக்கே, அதை இங்கே செய்யலாமா?

1935ல் முடிந்த அந்தக் கட்டடத்தில் 57 கூம்புத் திறப்புகள். அப்போது பின்லாந்து, இப்போது ரஷ்யாவில் இருக்கிறது. அந்த ஊரில் கோடையின் உச்சத்திலும் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 53 டிகிரிக்கு மேல் ஏறாது. ஆழமான கூம்பின் சுவரில் பட்டுத் தெறித்த பிறகே வெளிச்சம் கீழே இறங்கும், புத்தகத்தின் மேல் நிழல்கூட விழாது. நம் ஊரில் வருடத்துக்கு இரண்டு முறை சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது. எவ்வளவு ஆழமான கூம்பு வைத்தாலும் வெயில் நேராக உள்ளே இறங்கும்.

அவர் சூரியனைக் கணக்குப் போட்ட விதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வடிவத்தை விட்டுவிடுங்கள். இங்கே கூரையின் நடுப்பகுதியை 3 அடி உயர்த்தி, வடக்கு முகத்தில் மட்டும் செங்குத்துக் கண்ணாடி வைத்து, அதற்கும் சன்ஷேட் போடுங்கள். மழைத்தண்ணீர் ஒழுகுகிற தொல்லையும் குறையும்.

சிவகாசி வாசகர்: கூரையில் பாலிகார்பனேட் ஷீட் போட்டால் செலவு குறையுமே?

மேலே சொன்ன காரணமேதான். கூடவே அது மஞ்சளாகும், உள்ளே அனல் அடிக்கும்.

தேனி வாசகர்: முற்றத்துக்கு மேலே கண்ணாடி போட்டு...

வேண்டாம். தலைக்கு மேல் படுத்த நிலையில் எந்தக் கண்ணாடியும் வேண்டாம். முற்றம் என்றால் திறந்தே இருக்கட்டும்.

மேலூர், போட்டித் தேர்வு எழுதுபவர்: திண்ணை, கூடிப் பேசும் இடம் என்கிறீர்கள். நாங்கள் குரூப் 2க்குப் படிக்க வருகிறோம். நூலகத்தில் எதற்குப் பேச்சு?

ஓய்வுபெற்ற ஆசிரியர், உசிலம்பட்டி: தம்பி, பேப்பர் படிக்கிறவர் பக்கத்திலிருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் எப்படி? தேர்வு எழுதுகிறவர்கள் காலையிலேயே பையை வைத்து மொத்த நாற்காலியையும் பிடித்துவிட்டால் மற்றவர் எங்கே உட்கார?

மேலூர்: சார், வீட்டில் எங்களுக்குத் தனி அறை கிடையாது. அதனால்தான் நூலகத்துக்கே வருகிறோம்.

இரண்டு பேரும் கேட்பது நியாயம். அறிவிப்புப் பலகை இதைத் தீர்க்காது, சுவர்தான் தீர்க்கும். புத்தக ரேக்கை நடுவில் நிறுத்தி 'சத்தத்தைத் தடுத்துவிட்டோம்' என்பார்கள். ரேக் கொஞ்சம் உறிஞ்சும், தடுக்காது. 9 அங்குலச் செங்கல் சுவர் கூரை வரை முட்டவேண்டும். கதவின் அடியில் இடைவெளி இருந்தால் அந்தச் சுவருக்கும் பயனில்லை, ரப்பர் பட்டை அடியுங்கள்.

வரிசை இப்படி: கிழக்கு வாசல், திண்ணை, சிறுவர் பகுதி, ரேக்குகள், சுவர், அமைதி அறை. தேர்வுக்குப் படிப்பவர்கள் நாள் முழுக்க உட்காருகிறவர்கள். அமைதி அறையில் ஆளுக்கு 3 அடி மேசை அவர்களுக்கென்றே ஒதுக்குங்கள். ஹால் நாற்காலிகளும் அப்போது தானாகக் காலியாகும். கழிப்பறைக் கதவு அமைதி அறைக்குள் திறக்கக்கூடாது.

திண்ணை 18 அங்குல உயரம், 2 அடி ஆழம். பேப்பர் வாசிக்க வருகிறவர்கள் காலை 8லிருந்து 10க்குள் வருவார்கள். கிழக்குத் திண்ணையில் அந்நேரம் வெயில் முகத்தில் அடிக்கும். வடகிழக்கு மூலையில் வடக்குப் பார்த்து, கிழக்கு முனையை அடைத்துக் கட்டுங்கள். ஆனால் 15 அடியோடு நிறுத்துங்கள். தாழ்வாரத்தை ஹால் வரை நீட்டினால் வடக்கு வெளிச்சமே போய்விடும்.

உசிலம்பட்டி: அப்படியானால் எனக்குச் சம்மதம்.

மேலூர்: சுவர் கூரை வரை முட்டினால் எனக்கும்.

கம்பம் வாசகர்: பழைய வீட்டு மாடியை நூலகமாக்குகிறோம். ரேக்கை எப்படிப் போடுவது?

முதலில் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரைப் பாருங்கள். வீட்டுத் தளம் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோவுக்குக் கணக்கிட்டது. 2.2 மீட்டர் உயர ரேக் நிற்கும் தளத்துக்கு ஐஎஸ் 875 (கட்டடச் சுமைக்கான இந்தியத் தர விதி) கேட்பது சுமார் 600 கிலோ. ரேக் கீழ்த்தளத்தில், வாசிப்பு மாடியில் என்றால் நல்லது. மாடிக்கும் இன்ஜினியர் ஒப்புதல் வேண்டும். ரேக்குகள் ஜன்னல் சுவருக்குக் குறுக்காக நிற்கவேண்டும், அப்போதுதான் ஒவ்வொரு சந்திலும் வெளிச்சம் நுழையும். சுவரிலிருந்து 6 அங்குலம் தள்ளி வையுங்கள். ஈரமும் கரையானும் பெரும்பாலும் சுவர் வழியாக வரும்.

போடி வாசகர்: மேல் ஜன்னல் வைத்தபின் மேசையில் வெளிச்சம் துடிக்கிறது, தலைவலிக்கிறது.

ஃபேன் இறக்கைகள் ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவில் சுற்றுகின்றன. சுவர் ஃபேனுக்கு மாற்றுங்கள், அல்லது மேசையை 3 அடி நகர்த்திப் பாருங்கள்.

ஆண்டிபட்டி வாசகர்: நூலக வரியிலிருந்து கட்டடத்துக்குப் பணம் வாங்க முடியுமா?

அதை மாவட்ட நூலக அலுவலரிடம் கேளுங்கள்.

விருதுநகர் வாசகர்: ஸ்கைலைட் (கூரையில் வெளிச்சத் திறப்பு) வைக்கலாமா மேடம்?

திருச்சி மாணவிக்குச் சொன்னதைப் படியுங்கள்.