கேமராவும் கொக்கும்

கேள்வி: கனடாவில் இருக்கும் அக்கா, தன் தோட்டத்துக் கோல்ட்ஃபின்ச் குருவியைக் கோடையில் பளிச்சென்ற மஞ்சளாகவும் குளிர்காலத்தில் மங்கிய பழுப்பாகவும் படமெடுத்து அனுப்புகிறார். இரண்டும் ஒரே குருவியா? பினாங்கில் இப்படி எடுக்க ஏதாவது உண்டா?
– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: ஒரே குருவிதான். ஆண்டுக்கு இருமுறை இறகு மாற்றும்; வசந்தத்தில் ஆணுக்கு வரும் அந்த மஞ்சள், தின்னும் உணவிலிருந்து ஏறுகிற நிறம்.

நம் மாங்குயில் வளர்ந்தபின் ஆண்டு முழுக்க மஞ்சள்தான், அதனால் அதை விடுங்கள். பாலேக் பூலாவ் வயல் பக்கம் போங்கள். அக்டோபர் வாக்கில் சீனக் குளக்கொக்கு கோடு கோடாக, மண்ணோடு மண்ணாக நிற்கும், பறந்தால்தான் வெள்ளை இறக்கையே தெரியும். அதே கொக்கு மார்ச், ஏப்ரலில் தலையும் கழுத்தும் கருஞ்சிவப்பாகி வடக்கே கிளம்பத் தயாராகும்போது பார்க்க வேண்டுமே, அத்தனை அழகு!

ஒரே இடத்தில், காலை 8 மணி வெயிலில் எடுங்கள். அப்புறம், வொய்ட் பேலன்ஸை (வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் கேமரா அமைப்பு) ஆட்டோவில் விடாதீர்கள், படத்துக்குப் படம் நிறம் மாறினால் எது இறகின் மாற்றம், எது கேமராவின் வேலை என்றே தெரியாது.