எல்லை மாறிவிட்டது, அக்கா வீட்டு முகவரியைக் கொடுக்கலாமா?

கேள்வி: வடக்கு வர்ஜீனியாவில் இருக்கிறோம். கணவருக்கு எச்-1பி வேலை விசா, கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறோம். 2021-ல் இந்த வீட்டை வாங்கியதே பக்கத்து ஹைஸ்கூலுக்காகத்தான். பெரியவன் அங்கே 11-ம் வகுப்பு. கூட்டம் தாங்காமல் டிரெய்லரில் பாடம் நடக்கிறது, மதியச் சாப்பாடு காலை 10.40-க்கு. இப்போது பள்ளி எல்லையை (எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கு என்ற வரையறையை) மாற்றி எங்கள் தெருவை 5 மைல் தள்ளி உள்ள வேறு பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். பள்ளி வாரியம் ஓட்டுப் போட்டு 12 நாள் ஆகிறது. சின்னவள் 8-ம் வகுப்பு. வழக்குப் போடலாமா? முடியாதென்றால், பழைய எல்லைக்குள் இருக்கும் என் அக்கா வீட்டு முகவரியைக் கொடுத்துச் சேர்த்துவிடலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கொடுக்காதீர்கள். வேறு கவுண்டியில் (மாவட்டத்தில்) சேர்த்தால்தான் தப்பு, ஒரே கவுண்டிக்குள் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். வர்ஜீனியா சட்டத்தின் 22.1-264.1 பிரிவு, பள்ளி எல்லையைத் தாண்டிச் சேர்ப்பதற்காக வசிப்பிடம் பற்றித் தெரிந்தே பொய் சொல்வதையும் குற்றம் என்றே சொல்கிறது. அபராதம் 250 டாலருக்குள்தான். ஆனால் அது வெறும் அபராதமல்ல, சட்டப்படி நான்காம் வகுப்புக் குற்றம் (சிறு குற்றங்களில் கடைசி நிலை), கல்விக் கட்டணத்தையும் உங்களிடம் கேட்க முடியும். நாளைக்கு கிரீன் கார்டு விண்ணப்பத்தில் கைது, வழக்கு, தண்டனை உண்டா என்ற கேள்விக்கு நீங்கள் பதில் எழுத வேண்டும். உங்களோடு அக்காவும் மாட்டுவார். இன்னொருவர் வீட்டில் குடியிருக்கிறோம் என்று சொன்னால் வீட்டுக்காரரிடம் நோட்டரி முன் கையெழுத்து வாங்கிவரச் சொல்வது பள்ளிகளின் வழக்கம், அந்தக் காகிதத்தில் அக்கா பெயர் இருக்கும். நீங்கள் உண்மையிலேயே அந்த எல்லைக்குள் குடிபோனால் அது வேறு விஷயம், அதில் தப்பே இல்லை.

சரி, வழக்கு. போடலாம், உரிமை இருக்கிறது. 22.1-87 பிரிவின்படி, பள்ளி வாரியத்தின் முடிவால் பாதிக்கப்பட்ட பெற்றோர் 30 நாளுக்குள் சர்க்யூட் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். சட்டத்தில் இருக்கும் சொல் 'பெற்றோர்', 'குடிமகன்' அல்ல. விசாவில் இருப்பதால் உங்களுக்கு உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 12 நாள் போய்விட்டது, மீதி 18.

ஆனால் மனுப் போடுவது வேறு, ஜெயிப்பது வேறு. வாரியம் தன் அதிகாரத்தை மீறியது, மனம்போன போக்கில் முடிவெடுத்தது, அல்லது அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியது, இந்த மூன்றில் ஒன்றை நீங்கள் காட்டியாக வேண்டும். 'இதைவிட நல்ல வரைபடம் இருந்தது' என்பது போதாது. ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் 2008-ல் இது நடந்தது. நிரம்பி வழிந்த வெஸ்ட்ஃபீல்ட் உள்ளிட்ட பள்ளிகளின் எல்லையிலிருந்து சில பகுதிகளை எடுத்து, இடம் காலியாக இருந்த ரெஸ்டனின் சவுத் லேக்ஸ் பள்ளியோடு சேர்த்தார்கள். பெற்றோர் ஒன்றுதிரண்டு வழக்குப் போட்டார்கள், முடிவு வாரியத்தின் பக்கமே நின்றது. பள்ளியை நம்பி வீடு வாங்கினேன் என்ற வாதமும் எடுபடாது. வீட்டுப் பத்திரம் நிலத்துக்கும் கட்டடத்துக்கும்தான். பள்ளி எல்லை அதில் சேராது. விலை குறைந்தால் வாரியம் ஈடு கட்டாது. உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. இருபது வருடச் சேமிப்பை ஒரு தெருவின் பெயரை நம்பிப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கூட்ட நெரிசலை வைத்தே வழக்குப் போடலாமா என்றால், அதுவும் கடினம். ஆசிரியர்-மாணவர் விகிதத்துக்கு மாநிலத் தர விதிகள் உண்டு, ஆனால் அவற்றை அமல்படுத்தச் சொல்லி நீதிமன்றம் போகும் வேலையைச் சட்டம் மாநிலக் கல்வி வாரியத்துக்கே கொடுத்திருக்கிறது. இன்னொன்றையும் யோசியுங்கள்: டிரெய்லரும் 10.40 சாப்பாடும் உங்கள் புகார் என்றால், எல்லையை ஏன் மாற்றினோம் என்று வாரியம் சொல்லப்போகும் பதிலும் அதே டிரெய்லர்தான்.

நான் தேடிப் பார்க்கும் ஒரே ஓட்டை, வாரியம் நடைமுறையைச் சரியாகப் பின்பற்றியதா என்பதுதான். 15,000 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள பள்ளி மாவட்டத்தில், ஒரு பள்ளியின் 15 சதவீதமோ அதற்கு மேலோ மாணவர்களைப் பாதிக்கும் எல்லை மாற்றம் என்றால், பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து குறைந்தது 10 நாள் கழித்துப் பொது விசாரணை நடத்த வேண்டும் என்று 22.1-79 சொல்கிறது. அறிவிப்பு வந்த தேதி, விசாரணை நடந்த தேதி, எத்தனை பிள்ளைகள் மாறுகிறார்கள், இந்த மூன்றையும் கையில் எடுங்கள். கூட்டக் குறிப்புகள், மாணவர் எண்ணிக்கைக் கணிப்புகளைத் தகவல் உரிமை மனுவில் கேளுங்கள். 5 வேலைநாளில் பதில் வர வேண்டும், அவர்கள் அவகாசம் கேட்டால் இன்னும் 7 வேலைநாள். அப்படி இழுத்தால் உங்கள் 18 நாளில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும், அதனால் இன்றைக்கே அனுப்புங்கள். அந்தச் சட்டத்தில் மட்டும் 'மாநிலக் குடிமக்கள்' என்ற சொல் இருக்கிறது, எனவே அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் போட்டால் வீண் தகராறு இருக்காது. தேதிகள் சரியாக இருந்தால் வழக்குக்குப் பணம் செலவழிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

அப்புறம், வாரியம் ஓட்டுப் போட்ட தீர்மானத்தை முழுசாகப் படித்தீர்களா? வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டுத்தான் பெரும்பாலோர் என்னிடம் வருகிறார்கள். மாற்றம் எந்த வகுப்பிலிருந்து, எந்த ஆண்டில் தொடங்குகிறது என்று கீழே ஒரு பத்தி இருக்கும். ஏற்கெனவே படிக்கும் பெரிய வகுப்புப் பிள்ளைகளை அங்கேயே முடிக்க விடுவது வழக்கம், ஆகவே பெரியவனுக்குப் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. ஆனால் பஸ் உண்டா என்பதைத் தனியாகக் கேளுங்கள், பல இடங்களில் தங்க விடுவார்கள், பஸ் தரமாட்டார்கள். அண்ணன் அங்கே இருப்பதால் தங்கைக்கும் இடம் உண்டா என்பதும் அந்தப் பத்தியிலோ மாற்றல் விதிகளிலோதான் இருக்கும். நிரம்பிய பள்ளிகளைப் பொதுவாக மாற்றலுக்கு மூடிவைப்பார்கள், ஆனாலும் விதிவிலக்குகள் இருக்கும்: மருத்துவக் காரணம், சில இடங்களில் பெற்றோரின் வேலைநேரத்தால் வரும் பராமரிப்புச் சிக்கல். உங்களுக்கு உண்மையாகப் பொருந்துவது எதுவோ அதை ஆதாரத்தோடு எழுதுங்கள், மருத்துவர் கடிதம் இருந்தால் இணையுங்கள். மாற்றல் விண்ணப்பத்துக்குத் தனிக் கடைசித் தேதி உண்டு. வழக்குக்கான 30 நாளோடு அதற்குச் சம்பந்தமில்லை, வழக்கின் முடிவுக்காகக் காத்திருந்து அதைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

விசாவில் இருந்துகொண்டு வாரியத்தை எதிர்த்துப் பேசினால் பிரச்சினை வருமோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கலாம். வாரியத் தேர்தலில் உங்களுக்கு ஓட்டு இல்லை, அவ்வளவுதான். கூட்டத்தில் பேசலாம், மனுவில் கையெழுத்துப் போடலாம். குடியேற்ற நிலையைக் காட்டிப் பள்ளி எந்தக் குழந்தையையும் தள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே டெக்சஸ் வழக்கொன்றில் சொல்லிவிட்டது. தீர்மானத்தின் நகலையும் பத்திரிகை அறிவிப்பின் தேதியையும் இந்த வாரத்துக்குள் எனக்கு அனுப்புங்கள், 30 நாள் முடிவதற்குள் பார்த்துச் சொல்கிறேன்.