ஜாடையாகச் சொன்னால் விமானம் கேட்காது

விமானிகளுக்கு சிஆர்எம் (க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்) வகுப்பு எடுத்து ஓய்வுபெற்று, காரைக்குடிக்கே வந்துவிட்டேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சிஆர்எம் எப்படி வந்தது? – தேவகோட்டை

விமானம் ஓட்டத் தெரிந்தவர்களுக்குச் சேர்ந்து வேலை செய்யக் கற்றுத்தரும் பயிற்சி அது. 1978 டிசம்பர், அமெரிக்காவின் போர்ட்லாந்து. சக்கரம் சரியாக இறங்கியதா என்ற கவலையில் யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 விமானத்தை ஓட்டிய கேப்டன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வானத்திலேயே சுற்றினார். எரிபொருள் தீர்வது கூட இருந்த இருவருக்கும் தெரியும். சொல்லவும் செய்தார்கள், ஜாடையாக. எஞ்சின்கள் அணைந்து விழுந்தது. 10 பேர் போனார்கள். மறு வருடம் நாசா கூட்டிய பயிலரங்கில் பேச்சு தொடங்கி, 1981-ல் அதே யுனைடெட் நிறுவனம் வகுப்பே ஆரம்பித்தது.

பையனைப் பைலட் ஆக்க எவ்வளவு ஆகும்? – புதுவயல்

என் துறை இல்லை. முதலில் மருத்துவப் பரிசோதனை; அதற்கு முன் யாரிடமும் பணம் கட்டாதீர்கள்.

தலை இருக்க வால் ஆடலாமா அண்ணே? ஆளாளுக்குப் பேசினால் உருப்படுமா? – பள்ளத்தூர்

நேற்றிலிருந்து இதற்குத்தான் ஏழு பேர் மல்லுக்கட்டுகிறீர்கள். முடிவு கேப்டனுடையது, அதை யாரும் பிடுங்கவில்லை. 1977-ல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவில், அதே ஓடுபாதையில் பான் ஆம் விமானம் இருக்கும்போதே, அனுமதி வராமலே கேஎல்எம் விமானத்தின் கேப்டன் புறப்பட்டார். 'பான் ஆம் இன்னும் விலகவில்லையோ?' என்று கூட இருந்த விமான எஞ்சினியர் கேட்டார். விலகியாச்சு என்று அழுத்தமாகப் பதில் வந்தது, அடங்கிவிட்டார். இரண்டு விமானமும் மோதின. 583 உயிர். கேள்வியாகக் கேட்டாரே தவிர, 'நிறுத்துங்கள்' என்று சொல்லவில்லை.

போன தை மாசம் எங்கள் வளவில் கல்யாணம். வெண்டைக்காய் மண்டி சமைக்கும்போது மாஸ்டர் இரண்டாம் தடவை உப்பை அள்ளினார். கரண்டி பிடித்த பையன், 'அண்ணே, உப்பு ஜாடி குறைஞ்சிருக்கு' என்றான். அவர் போட்டே விட்டார். 'போட்டாச்சுண்ணே, போடாதீங்க' என்றிருந்தால் மண்டி தப்பியிருக்கும்.

வகுப்பில் இதைத்தான் வாய்விட்டுச் சொல்லிப் பழக்குவோம்: 'கேப்டன், எரிபொருள் 15 நிமிடத்துக்குத்தான் இருக்கிறது, இப்போதே இறங்கலாம், சரியா?'

மங்களூரில் 2010-ல் நடந்த விமான விபத்தில் துணை விமானி சொல்லத்தானே செய்தார்? – அதே பள்ளத்தூர்

சரியான கேள்வி. இறங்காமல் மறுபடி மேலேறுங்கள் என்று மூன்று முறை சொன்னார், கேப்டன் கேட்கவில்லை, 158 பேர் இறந்தார்கள். அதனால்தான் வகுப்பில் கேப்டன்களை முன்வரிசையில் உட்கார வைப்பேன். சொல்லிப் பழகவேண்டியவன் இளையவன். கேட்டுப் பழகவேண்டியவர் பெரியவர்.

செட்டிநாட்டில் இருக்கும் உலகப்போர்க் கால ஓடுபாதைக்கு விமானம் எப்போது வரும்? – கானாடுகாத்தான்

நீங்கள் நான்காவது ஆள். அமைச்சகத்தைக் கேளுங்கள். அதுவரை திருச்சிக்கோ மதுரைக்கோ பஸ் ஏறுங்கள்.